டெஸ்ட் பிரிண்டுக்கு எவ்வளவு தாள் போதும்?

உங்கள் கேள்வி இது: ஏ3+ வரை போடும் ஆறு வண்ண இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கியிருக்கிறீர்கள். வீட்டுப் படங்களோடு, தெரிந்தவர்களுக்கும் காசு வாங்கிக்கொண்டு 12×18 அங்குலத்தில் போட்டுத் தருகிறீர்கள். ஒரு படம் திருப்தியாக வருவதற்குள் மூன்று நான்கு பெரிய கிளாசி தாள் குப்பைக்குப் போகிறது. சாதாரண ஜெராக்ஸ் தாளில் சோதித்தால் நிறம் சம்பந்தமே இல்லாமல் வருகிறது. தாளை எப்படி மிச்சம் பிடிப்பது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஏ3+ தாள் 329×483 மி.மீ. கடையில் 4ஆர் என்று விற்கும் 4×6 தாள் 102×152 மி.மீ. ஒரு ஏ3+ தாளை வெட்டினால் ஒன்பது 4ஆர் துண்டு முழுதாகக் கிடைக்கும். மணப்பெண்ணின் முகம் கறுத்துப் போகிறதா என்று தெரிந்துகொள்ள அந்த முகமும் பக்கத்தில் கொஞ்சம் தலைமுடியும் புடவையும் இருக்கும் ஒரு 4ஆர் துண்டு போதும். நீங்கள் முழுத் தாளில் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் மீதி எட்டுச் சோதனைகளைத் தூக்கிப் போடுகிறீர்கள். டேங்க் பிரிண்டரில் மை மலிவு, பணம் போவது தாளில்தான். அதனால் இந்தக் கணக்கைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் துண்டு போடுவது இரண்டாவது வேலை. அதற்கு முன்னால் ஒரு பழக்கம் வேண்டும். பிரிண்ட் பட்டனை அழுத்தும் முன், "இந்தத் தாளில் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறேன்?" என்று ஒரு வரியில் பதில் சொல்லிப் பாருங்கள். "சும்மா எப்படி வருதுன்னு பார்ப்போம்" என்பது பதில் இல்லை. அப்படிப் போட்ட தாளைப் பார்த்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி, சிவப்பைக் கொஞ்சம் குறைத்து, ஷார்ப்னெஸ்ஸையும் தட்டிவிட்டு இன்னொன்று போடுவீர்கள். இரண்டாவது நன்றாக வந்தாலும் எந்த மாற்றத்தால் வந்தது என்று தெரியாது. அடுத்த படத்துக்கு மறுபடி ஆரம்பத்திலிருந்து.

கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு போட்டோ தாளே தேவைப்படாது. படம் தாளின் நடுவில் உட்காருகிறதா, ஓரம் எவ்வளவு வெட்டுப்படுகிறது, 4ஆரில் எட்டு பாஸ்போர்ட் படம் சரியாக அடுக்கியிருக்கிறதா, இதற்கெல்லாம் சாதாரணத் தாள் போதும். நாசில், அதாவது மை தெளிக்கும் நுண்துளை, அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் நாசில் செக்கும் சாதாரணத் தாளில்தான். இந்த ஒன்றை மட்டும் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் முதல் வேலையாகச் செய்யுங்கள். ஆறு வண்ணத்தில் லைட் மெஜந்தாவில் நாலு கோடு விடுபட்டால் தோல் நிறம் பச்சை பக்கம் சாயும். அதைப் படத்தின் குறை என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருந்தால் எத்தனை தாள் போட்டாலும் முடியாது. நாசில் செக் செலவழிக்கும் மை மிகக் கொஞ்சம். அடைப்பை எடுக்கும் ஹெட் கிளீனிங்தான் மையைக் குடிக்கும், அதைத் தேவை வந்தால் மட்டும் ஓட்டுங்கள்.

சாதாரணத் தாளில் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். டை மை, அதாவது கரைந்த சாய மை, அதில் பூச்சு இல்லாததால் நாருக்குள் இறங்கிவிடும். கறுப்பு சாம்பலாகும், சிவப்பு மங்கும். அதைப் பார்த்துத் திருத்திய கோப்பைக் கிளாசி தாளில் போட்டால் நிறங்கள் கண்ணை அடித்துக்கொண்டு வரும். நீங்கள் கண்டதும் இதைத்தான்.

அடுத்தது திரை. "பிரிண்ட் இருட்டாக வருகிறது" என்ற புகாரில் பெரும்பகுதிக்குக் காரணம் பிரிண்டர் இல்லை. மானிட்டர் கடையிலிருந்து வந்தபடியே முழு வெளிச்சத்தில் கொளுத்திக்கொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் அழகாகத் தெரியும்படி படத்தைத் திருத்தினால் கோப்பு உண்மையில் இருட்டாகத்தான் இருக்கும். அச்சு வேலைக்குத் திரை சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவில் இருந்தால் போதும் என்பது பொதுவான வழக்கம். அளக்கும் கருவி இல்லையென்றால், நீங்கள் வழக்கமாக அச்சைப் பார்க்கும் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். முதல் நாள் கண்ணுக்கு இருட்டாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். ஒரு காசு செலவில்லாத இந்த வேலைதான் அதிகத் தாளைக் காப்பாற்றும் என்பது என் கருத்து.

பிறகு சாஃப்ட் ப்ரூஃப். அதாவது இந்தத் தாளில் இந்த மையில் படம் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டச் சொல்வது. தாள் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் பிரிண்டர் மாடலுக்கான ஐசிசி ப்ரொஃபைல் (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பில் வியூ மெனுவில் ப்ரூஃப் செட்டப், அதில் கஸ்டம் என்று போய் அந்த ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லைட்ரூமில் டெவலப் பகுதியில் எஸ் விசையைத் தட்டினால் போதும். கிம்பிலும் இந்த வசதி உண்டு. தாளின் நிறத்தைக் காட்டும் விருப்பத்தை டிக் செய்தவுடன் படம் சட்டென்று வெளுத்துப்போனது போல் தெரியும். பயந்து மூடிவிடாதீர்கள். டிக் செய்யும் அந்த நொடியில் பார்வையை வேறு பக்கம் திருப்பிவிட்டு, படத்தைத் திரை முழுக்க வைத்துப் பாருங்கள். சுற்றிலும் மென்பொருளின் வெள்ளைப் பட்டை இல்லாவிட்டால் கண் அந்தத் தாளின் வெள்ளைக்குப் பழகிவிடும்.

சாஃப்ட் ப்ரூஃபின் உண்மையான பலன் எது முடியாது என்று அது சொல்லிவிடுவதில் இருக்கிறது. மயில்கழுத்துப் பட்டுப் புடவை, மேடை விளக்கின் ஊதா, நியான் போர்டு போன்ற சில நிறங்கள் திரையில் ஒளியாக வரும், தாளில் எந்த மை கலந்தாலும் வராது. கமட் வார்னிங்கைப் போட்டால் அந்த இடங்கள் சாம்பலாக மூடிக் காட்டும். வரவே முடியாத நிறத்தைத் தேடித் தாளைச் செலவழிப்பதுதான் இருப்பதிலேயே வீண் செலவு. வராத நிறத்தை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லும் ரெண்டரிங் இன்டென்ட்டில் ரெலட்டிவ் கலரிமெட்ரிக், பெர்செப்சுவல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எது புடவையின் மடிப்புகளைக் காப்பாற்றுகிறதோ அதை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

பிரிண்ட் கொடுத்ததும் திரையில் திறக்கும் பெட்டியில் ஒரு பொறி இருக்கிறது. நிறத்தை ஃபோட்டோஷாப் கவனிக்கட்டும் என்று சொல்லி ப்ரொஃபைல் கொடுத்தால், பிரிண்டர் டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் படம் மெஜந்தா ஏறி, கான்ட்ராஸ்ட் கூடி வரும். முகங்கள் எல்லாம் வெயிலில் வெந்தது போல் இருந்தால் படத்தைத் திருத்தும் முன் இந்த இடத்தைப் பாருங்கள். அதேபோல் மீடியா டைப். டிரைவரில் கிளாசி, லஸ்டர், மேட் என்று தேர்ந்தெடுப்பது வெறும் பெயர் இல்லை, எவ்வளவு மை கொட்ட வேண்டும் என்று பிரிண்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ப்ரொஃபைலும் அந்தக் குறிப்பிட்ட மீடியா டைப்புக்காகத்தான் செய்யப்பட்டிருக்கும். பிரிண்டர் கம்பெனி மைக்குப் பதில் வேறு மை ஊற்றியிருந்தால் தயாராகக் கிடைக்கும் ப்ரொஃபைல் எதுவும் முழுதாகப் பொருந்தாது. அப்போது துண்டுச் சோதனையை நம்ப வேண்டியதுதான்.

சரி, இனி தாளுக்கு வருவோம்.

ஃபிலிம் காலத்து இருட்டறையில் பிரோமைடு பேப்பரில் படம் போட்டவர்கள் யாரும் முழுத் தாளில் எக்ஸ்போஷர் சோதித்ததில்லை. இரண்டு விரல் அகலத் துண்டை வெட்டி, ஃபிலிமைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜர் வெளிச்சத்தில் வைத்து, மேலே ஒரு அட்டையைப் படிப்படியாக நகர்த்துவார்கள். ஒரே துண்டில் 2, 4, 8, 16 நொடி என்று நாலு பட்டை கிடைக்கும். எது சரி என்று பார்த்து முடிவு செய்துவிட்டுத்தான் முழுத் தாளைத் தொடுவார்கள். இங்க்ஜெட்டில் இது இன்னும் சுலபம், ஆனால் பட்டனை அழுத்தினால் படம் வந்துவிடுகிறது என்பதால் நாம் அதை மறந்துவிட்டோம்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது: அதே தாளை அதே கம்பெனியில், அதே வகையில், அதே ஜிஎஸ்எம் எடையில் ஏ4 அளவில் ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள். அது சோதனைக்கு மட்டும். 4ஆர் பாக்கெட்டும் ஆகும், ஆனால் பெயர் ஒன்றாக இருந்தும் சிறிய அளவில் வேறு தடிமனும் வேறு பூச்சும் வருவதுண்டு, உறையைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். வேறு தாளில் சோதித்து இந்தத் தாளில் போடுவது ஜெராக்ஸ் தாளில் சோதிப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

எந்தப் பகுதியைத் துண்டாக எடுப்பது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால்தான் பொருந்தும். படம் அப்படி வேகாது. தோல், இருட்டில் இருக்கும் முடி, வெயில் பட்ட வேட்டி என்று ஒவ்வொன்றும் தனியாக மக்கர் பண்ணும். அதனால் நடுவிலிருந்து சும்மா ஒரு செவ்வகம் வெட்டாமல், உங்களுக்குச் சந்தேகம் இருக்கும் இடங்களைத் தேடி எடுங்கள். முகத்தின் வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் சேர்ந்து வரும் இடம் ஒன்று. கறுப்பு முடியோ கோட்டோ, உள்ளே விவரம் தெரிய வேண்டிய இடம் ஒன்று. வெளுத்துப் போகப் பார்க்கும் வெள்ளை ஒன்று. நிலக்காட்சியானால் வானத்திலிருந்து தரைவரை செங்குத்தாக ஒரு ஒல்லியான பட்டை. இந்த மூன்று நாலு துண்டுகளை அருகருகே ஒட்டினால் ஒரு வரிசை ஆகிவிடும். முழுப் படத்தைச் சின்னதாக்கிப் போட்டதைவிட இது அதிகம் சொல்லும்.

வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் துண்டைச் சுருக்கினாலும் பாதகமில்லை. ஷார்ப்னெஸ்ஸுக்கும் நாய்ஸுக்கும் (படத்தில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள்) மட்டும் அளவு மாறவே கூடாது. உதாரணமாக 24 மெகாபிக்சல் கேமராவின் 6000×4000 படத்தை 12×18 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 333 பிக்சல் வரும். அந்தக் கணக்கில் 180×45 மி.மீ. துண்டு என்பது சுமார் 2360×590 பிக்சல். அதை மறுபடி அளவு மாற்றாமல் அப்படியே 333இல் போட்டால், பெரிய தாளில் அந்த இடம் எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படியே கிடைக்கும். பிரிண்ட் தரத்தையும் இறுதிக்கு வைக்கப்போகும் அதே அளவில் வையுங்கள். மை மிச்சம் என்று டிராஃப்டில் சோதித்தால் மை விழும் விதமே வேறு, அந்தத் துண்டு பொய் சொல்லும்.

இப்போது ஒரே ஏ4 தாளைப் பல முறை உள்ளே விடும் வித்தை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தாள் மிச்சமாவது பெரும்பாலும் இங்கேதான்.

ஃபோட்டோஷாப்பில் ஏ4 அளவில் ஒரு வெற்றுக் கோப்பு திறந்துகொள்ளுங்கள். ரெசல்யூஷன் உங்கள் இறுதிப் படத்துக்கு உள்ளதே, அதாவது மேலே சொன்ன உதாரணத்தில் 333. நிற வெளியும் (கலர் ஸ்பேஸ்) படத்துக்கு உள்ளதே. மேலும் கீழும் 2 செ.மீ. விட்டுவிட்டு, 5 செ.மீ. உயரத்தில் ஐந்து வரிசைக்குக் கைடு கோடு போடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் 45 மி.மீ. உயரத்துக்குத்தான் படம், மீதி இடைவெளிக்கும் பெயர் எழுதுவதற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு லேயர் குரூப். முதல் சோதனைக்கு ஒரு குரூப்பை மட்டும் தெரிய வைத்து, அளவு 100 சதவீதத்தில் பிரிண்ட் கொடுங்கள். தாள் வெளியே வந்ததும் காயவைத்து, அந்தக் குரூப்பை மறைத்துவிட்டு, அடுத்ததைத் தெரியவைத்து, அதே தாளை அதே பக்கமாக மறுபடி விடுங்கள். தாளின் பின்னால் எந்த முனை முதலில் போனது என்று பென்சிலில் ஒரு அம்புக்குறி போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் முறை குழம்பும். தாள் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்து உட்காரும், அதற்குத்தான் இடைவெளி.

கீழ் வரிசையிலிருந்து மேலே வாருங்கள். அதாவது முதல் சோதனை தாளின் வால் பக்கத்தில் விழட்டும். முதலில் உள்ளே போகும் முனை கடைசிவரை மை படாமல் தட்டையாக இருந்தால் ரோலர் சரியாகப் பிடிக்கும். மை ஏறிய முனை கொஞ்சம் சுருண்டுகொள்ளும், சுருண்ட முனை ஹெட்டில் உரசும். உரசினால் தாளில் கறை மட்டும் இல்லை, ஹெட்டுக்கே ஆபத்து. சென்னை, தூத்துக்குடி மாதிரி காற்றில் ஈரம் அதிகமான ஊரில் திறந்து வைத்த தாள் தானாகவே வளையும். சோதனைத் தாளையும் உறைக்குள்ளேயே வையுங்கள், விடும் முன் எதிர்ப்பக்கமாக மெல்ல வளைத்து நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மை காயாமல் மறுபடி விடாதீர்கள். பின்பக்கத்திலிருந்து தாள் இழுக்கும் பிரிண்டர்களில் உருளை பிடிப்பது படம் போட்ட பக்கத்தைத்தான். ஈர மை உருளையில் ஒட்டி அடுத்து வரும் நல்ல தாளில் போய் அச்சாகும். இன்னொன்றும் கவனியுங்கள்: தாளின் தலைப்பக்கத்திலும் வால் பக்கத்திலும் சில சென்டிமீட்டரில் அச்சுத் தரம் கொஞ்சம் குறையலாம் என்று பல பிரிண்டர்களின் கையேட்டிலேயே இருக்கும். தாள் ஒரு பக்க உருளையின் பிடியில் மட்டும் இருக்கும் நேரம் அது. மேல், கீழ் வரிசைகளில் மெல்லிய கோடு தெரிந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறம் பார்க்க அந்த வரிசைகள், கோடும் ஷார்ப்னெஸ்ஸும் பார்க்க நடு வரிசைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுபடி மறுபடி விடுவது எரிச்சலாக இருந்தால் ஏ4 தாளை நாலாக வெட்டுங்கள். 105×148.5 மி.மீ., அதாவது ஏ6, பெரும்பாலான டிரைவர்களில் இந்த அளவு இருக்கும். கத்தரிக்கோல் வேண்டாம், ஓரம் கோணலானால் தாள் சாய்ந்து போகும். ரோட்டரி கட்டரோ, ஸ்டீல் ஸ்கேலும் கூர்மையான கட்டர் பிளேடுமோ நல்லது. வெட்டிய ஓரத்தில் பூச்சுத் தூள் இருக்கும், துடைத்துவிட்டு விடுங்கள், அந்தத் தூள் ஹெட்டுக்கு ஆகாது. அதைவிடச் சின்னதாக வெட்டும் முன் உங்கள் பிரிண்டர் ஏற்கும் குறைந்தபட்ச அளவைக் கையேட்டில் பாருங்கள். உருளைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட குட்டித் துண்டை எடுப்பதற்குள் மிச்சம் பிடித்த காசு போய்விடும்.

ஒரு வரிசையில் என்ன போடுவது என்பதில்தான் சாமர்த்தியம். ஒரே துண்டை ஒரே மாதிரி ஒரு முறை போடாதீர்கள். ஏ4 அகலத்தில் 36 மி.மீ. அகலக் கட்டங்கள் ஐந்து தாராளமாக நிற்கும். ஐந்திலும் அதே கன்னமும் முடியும், ஆனால் வெளிச்சம் மட்டும் படிப்படியாக. வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கர்வ்ஸ் கோட்டில் நடுப்புள்ளி 128ஐ முதல் கட்டத்தில் அப்படியே விட்டு, அடுத்தவற்றில் 138, 148, 158, 168 என்று ஏற்றுங்கள். ஒவ்வொன்றின் கீழும் எண்ணைச் சின்னதாக எழுதிவிடுங்கள். தனியாக ஒரு அச்சைப் பார்த்து "கொஞ்சம் இருட்டோ?" என்று கண் தடுமாறும். ஐந்து பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது என்று உடனே கை போய்த் தொடும். 138க்கும் 148க்கும் நடுவில் என்று தோன்றினால் அடுத்த வரிசையில் 140, 143, 146 போதும். பெரிய தாவலில் தொடங்கிச் சின்னத் தாவலில் முடிப்பது, அவ்வளவுதான். கேனன் தன் ப்ரோ வரிசை பிரிண்டர்களுக்குத் தரும் ப்ரொஃபெஷனல் பிரிண்ட் அண்ட் லேஅவுட் மென்பொருளில் இதைத் தானாகச் செய்யும் பேட்டர்ன் பிரிண்ட் வசதி இருக்கிறது. உங்களிடம் அது இல்லாவிட்டாலும் பத்து நிமிட வேலைதான்.

வெளிச்சம் முடிந்த பிறகே நிறம். இருட்டாக இருக்கும் அச்சில் தோல் எப்போதும் செம்பழுப்பாகத்தான் தெரியும், வெளிச்சம் சரியானதும் நிறக் குறை பாதி தானாக மறைந்துவிடும். மீதிக்கு அடுத்த வரிசை. நடுவில் திருத்தாத கட்டம், அதற்கு இரண்டு பக்கமும் மெஜந்தா கூடியதும் பச்சை கூடியதும், மஞ்சள் கூடியதும் நீலம் கூடியதும். சயான், சிவப்பு ஜோடியைத் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். கலர் லேப்காரர்கள் பழைய நாளில் செய்த ரிங் அரவுண்ட் இதுவேதான். ஷார்ப்னெஸ்ஸுக்கு ஒரு வரிசை போனால், ஒரு தாளில் இன்னும் ஒன்றிரண்டு வரிசை மிச்சம் இருக்கும்.

போட்ட உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். டை மையில் கலந்த ஈரம் போகப் போக நிறம் கொஞ்சம் நகரும், இருண்ட இடங்கள் தெளியும். குறைந்தது கால் மணி நேரம் விடுங்கள். பணம் வாங்கும் வேலையானால் கடைசி முடிவை மறுநாள் பார்த்துச் சொல்லுங்கள். எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். அச்சகத் தரத்துக்கான ஐஎஸ்ஓ 3664 டி50 என்ற பகல் வெளிச்சத்தைச் சொல்கிறது. நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ், சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ். வீட்டில் அந்த விளக்குப் பெட்டிக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரம், காலை பத்து மணி வாக்கில், மிக நன்றாக வேலை செய்யும். பழைய டியூப் லைட்டுக்கு அடியில் பார்த்து "பச்சை அடிக்கிறது" என்று மெஜந்தா ஏற்றி நாசமான படங்கள் ஏராளம். படம் மாட்டப்போகும் கூடத்தில் மஞ்சள் எல்இடி என்றால் ஒரு முறை அங்கேயும் துண்டைப் பிடித்துப் பாருங்கள். முழு அச்சைச் சுமந்துபோய்ப் பார்ப்பதைவிட இது சௌகரியம்.

பல படங்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க வேண்டாம். ஒரே மண்டபம், ஒரே விளக்கு, ஒரே கேமரா என்றால் அந்தக் கூட்டத்தில் ஒன்றைச் சோதித்தால் போதும். வெவ்வேறு இடத்தில் எடுத்தவையானால் ஐந்து படங்களின் துண்டுகளை ஒரே வரிசையில் வைத்துவிடலாம்.

தெரிந்துகொண்டதை எழுதிவைக்காவிட்டால் அடுத்த மாதம் அதே தாளை மறுபடி செலவழிப்பீர்கள். துண்டின் பின்னால் நீருக்கு அழியாத மார்க்கரில் தாள், மீடியா டைப், ப்ரொஃபைல், ரெண்டரிங் இன்டென்ட், என்ன திருத்தம் என்று எழுதி ஒரு கவரில் போடுங்கள். நாலைந்து படம் போட்ட பிறகு ஒரு விஷயம் தென்படும்: இந்தத் தாளில் எல்லாப் படமும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் கூட்டக் கேட்கிறது என்று. அதற்கப்புறம் அதை ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயராகவே சேமித்துவிடலாம். லைட்ரூமில் பிரிண்ட் பகுதியின் கடைசியில் பிரிண்ட் அட்ஜஸ்ட்மென்ட் என்று வெளிச்சத்துக்கும் கான்ட்ராஸ்ட்டுக்கும் இரண்டு ஸ்லைடர் இருக்கும், அதில் வைத்தால் மூலப் படம் மாறாது, திரையிலும் தெரியாது, அச்சில் மட்டும் விழும். இந்த நிலைக்கு வந்தவர்களுக்குப் பெரும்பாலான படத்துக்கு ஒரு துண்டு போதும், சிலதுக்கு அதுவும் வேண்டாம்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று செய்யக்கூடாதவை சில உண்டு. கெட்டுப்போன கிளாசி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் சோதிக்காதீர்கள். ஆர்சி, அதாவது ரெசின் பூசிய தாளின் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, மை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்று உருளையெல்லாம் பூசிவிடும். இரண்டு பக்கமும் பூச்சு உள்ளது என்று உறையில் போட்டிருந்தால் மட்டும் திருப்பலாம். வெட்டிய துண்டில் எது முன்பக்கம் என்று சந்தேகம் வந்தால் ஈர விரலால் மூலையைத் தொடுங்கள், பூச்சுள்ள பக்கம் லேசாக ஒட்டும். சோதனையில் பார்டர்லெஸ் போடாதீர்கள், அதில் டிரைவர் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தில் வெட்டும், தாளுக்கு வெளியே தெளிக்கும் மை, கழிவு மையை உறிஞ்சும் வேஸ்ட் பேடில்தான் சேரும்.

12×12 சதுரப் படம் ஏ3+ தாளில் போட்டால் ஓரத்தில் கிட்டத்தட்ட ஆறரை அங்குலத் துண்டு மிஞ்சும். அதை எறியாமல் தாளின் பெயரை எழுதி எடுத்துவையுங்கள், அதுவே அடுத்த வாரச் சோதனைத் தாள்.

இத்தனைக்கும் பிறகு முழுத் தாளிலேயே சோதிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சட்டம் போட்டு மாட்டும் பெரிய படத்தில் அகலமான வெறும் வானமோ, ஒரே நிறச் சுவரோ இருந்தால் அதில் வரும் பட்டையும் நிறத் திட்டும் சின்னத் துண்டில் பிடிபடாது. பெரிய அளவில் கண் படத்தைச் சுற்றி வரும் விதமும் வேறு, சின்னத் துண்டில் சரியாகத் தெரிந்த மூலை பெரிதாக்கியதும் கண்ணை இழுக்கலாம். அப்படிப்பட்ட ஆர்டருக்கு ஒரு தாள் வீணாகும் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, விலை சொல்லும்போதே அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.